சட்டைப்பையில் ஒரு ஊக்கு

போன ஞாயித்துக்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரிப் பையன்க மூணு பேரு வீட்டுக்கு வந்தானுங்க. மூணு பேரும் மருந்து குடுத்துக் கட்டுப் போடுற டிரஸ்ஸர் வேலைக்குப் புதுசு. நிர்வாகம் ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் குடுக்கப் போகுதாம். "ஐயா, இந்தச் சிகாமட் வட்டாரத்துலயே மோட்டார் சைக்கிள்ல போயி வைத்தியம் பாத்த முதல் டிரஸ்ஸர் நீங்கதானாமே. எப்படிப் பழகுறது, லைசன்ஸ் எப்படி எடுக்கிறது, வண்டிய எப்படிப் பாத்துக்கிறது, கொஞ்சம் சொல்லுங்க"ன்னு கேட்டானுங்க. அட போங்கடா, ஏத்தி விடாதீங்கன்னு சொன்னேன். ஆனா உள்ளுக்குள்ள குளுந்து போச்சு, பொய் சொல்வானேன்.

அதுல ஒருத்தன் என் சட்டைப்பையவே பாத்துக்கிட்டு இருந்தான். "ஐயா, பட்டன் போயிருச்சா? பையில ஊக்கு குத்தியிருக்கீங்க?"

"பட்டனெல்லாம் பத்திரமா இருக்கு. நீ முதல்ல கோப்பியக் குடி லா"ன்னு அவன் வாய அடைச்சேன். அன்னைக்கு அவனுங்களுக்கு ஓட்டுறதப் பத்தியும் எண்ணெய் ஊத்துறதப் பத்தியும் மட்டும் சொல்லி அனுப்பிட்டேன். ஊக்கப் பத்திச் சொல்லல. ராத்திரி படுத்தா தூக்கம் வரல. அதையும் சேத்து எழுதி வச்சிரலாம்னு தோணிச்சு. சம்பந்தப்பட்டவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல. இருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனது, ஜொகூர் பாருவுல மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பழகுனது, அதெல்லாம் பெரிய கதை, விடுங்க. கடைசியா சிகாமட்டுக்குப் பக்கத்துல அஞ்சு கித்தாத் தோட்டத்துக்கு, அதான் ரப்பர் தோட்டத்துக்கு, பொதுவா இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தேன். ஜப்பான்காரன் வர்றதுக்கு ரொம்ப வருசம் முந்தி. அங்க பெரிய டிரஸ்ஸர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, சங்கிலி வச்ச கடிகாரம், மூக்கு நுனியில கண்ணாடி. சிரிச்சு நான் பாத்தது கிடையாது. ஆனா ஒரு கூலியாளக்கூட அவர் வாசல்ல காக்க வச்சதும் கிடையாது.

அவருகிட்ட ஒரு தடிச்ச டயரி. நாங்க எங்க போனோம், எப்பப் போனோம், ஏன் லேட்டு, எல்லாம் அதுல எழுதணும். அழிக்கக் கூடாது. சுத்தி ஆயிரக்கணக்கான கித்தா மரம், அந்த ஆபீஸ்ல மட்டும் அழிரப்பர் ஒண்ணு கிடையாது. ஒருக்கா லேட்டுக்குக் காரணம் 'மழை'ன்னு எழுதிட்டேன். கண்ணாடிக்கு மேலாலப் பாத்தாரு.

"மழை பெய்தால் நனைவீர் காணும். ஏன் பிந்தினீர்?"

"சைக்கிள் சறுக்குச்சு சார்."

"ஏன் சறுக்கினது?"

"டயர் தேஞ்சு போயிருந்துச்சு. மாத்தாம விட்டுட்டேன்."

"அதை எழுதும்."

அப்படித்தான். கடைசியில எல்லாக் காரணமும் நம்ம தலையிலதான் வந்து விடியும். அந்த மனுசன எனக்கு அப்பப் பிடிக்காது.

அஞ்சு தோட்டத்தையும் சைக்கிள்ல சுத்த முடியலன்னு நான் நச்சரிச்சு நச்சரிச்சு, கம்பெனியில ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் குடுத்தாங்க. பக்கத்துல ஒரு பெட்டி ஒட்டுனது. மருந்தும் வைக்கலாம், ஆளையும் படுக்க வைக்கலாம். கந்தையா அத ஒருதரம் சுத்தி வந்து பாத்தாரு. "எனக்கு ரெண்டு கால் காணும்", அதாவது போதும்னுட்டு உள்ள போயிட்டாரு. கடைசி வரைக்கும் அதுல ஏறவே இல்ல.

எனக்கு ஓட்டப் பழக்கிவிட்டவன் சிகாமட் ஸ்டேஷனுக்கு எதிர்ல சைக்கிள் கடை வச்சிருந்த ஆ சோங். மூணு நாளு இன்ஜினத் தொடவே விடல. "தோலாக்"ம்பான். தள்ளுன்னு அர்த்தம். பெட்டியோட அந்த இரும்பு மாட்ட வெயில்ல தள்ளு, நிறுத்து, திருப்பு, தள்ளு. "தவுக்கே, மொதலாளி, நான் ஓட்டத்தான வந்தேன்"ன்னா, "நடு ரோட்டுல நின்னா யாரு தள்ளுவா, உங்க துரையா?"ன்னு மலாய்ல கேட்டுப்புட்டு சுருட்டப் பத்தவச்சுக்குவான். பையன்களா, நீங்களும் முதல்ல தள்ளிப் பழகுங்க. வண்டியோட கனம் எந்தப் பக்கம் சாயுதுன்னு இடுப்புக்குத் தெரிஞ்சாத்தான் அப்புறம் கை தானா ஓட்டும். பெட்டி வச்ச வண்டி நேராவே போகாது, பெட்டி இருக்கிற பக்கமா இழுக்கும். அத எதிர்த்து மல்லுக்கட்டக் கூடாது, லேசாத் திருப்பிப் பிடிச்சுக்கணும்.

இப்ப உள்ள வண்டி ஒரு உதையில கிளம்பிருது. அப்ப பெட்ரோல் குழாயத் திறந்து, கார்புரேட்டர் தலையில இருக்கிற சின்ன ஊசிய ஒரு சொட்டு ஒழுகுற வரைக்கும் அமுக்கணும். கைப்பிடியில இருக்கிற, பொறிய முன்னப்பின்ன நகத்துற நெம்புகோலப் பின்னாடி தள்ளணும். அப்புறம்தான் உதைக்கணும். பொறியத் தள்ள மறந்தீங்கன்னா உதைக்கிற கம்பி திருப்பி உதைக்கும். எனக்கு முழங்காலுக்குக் கீழ பூசணிக்காயாட்டம் வீங்கிருச்சு. கந்தையாவே கட்டுப் போட்டு விட்டாரு. போட்டு முடிச்ச கையோட டயரிய நீட்டுனாரு.

"வண்டி உதைச்சிருச்சு சார்."

"வண்டிக்குக் காலில்லை காணும்."

பொறியப் பின்னுக்குத் தள்ள மறந்தேன்னு எழுதினேன். வலியவிட அந்த எழுத்துதான் எரிஞ்சுச்சு.

லைசன்ஸ் எடுக்க சிகாமட் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருந்த திடலுக்குப் போனேன். மலாய்க்கார இன்ஸ்பெக்டர், மீசையெல்லாம் முறுக்கி, பெரிய ஆளு. ரெண்டு மண்ணெண்ணெய் டின்ன வச்சு எட்டுப் போடச் சொன்னாரு. போட்டேன். ஆத்தங்கரைச் சரிவுல நிறுத்திக் கிளப்பச் சொன்னாரு. கிளப்பினேன். கைசாடை எல்லாம் காட்டினேன். கடைசியா திடலுக்கு நடுவுல போயி நின்னுக்கிட்டு, "என்ன நோக்கி நேரா வா, ஒரு முழத்துல நிறுத்து"ன்னுட்டாரு. வந்தேன், நிறுத்தினேன், சரியா ஒரு முழம். ஆனா இன்ஜின் அணையுறப்ப பின்னால 'டமார்'னு ஒரு வெடி வெடிச்சுச்சு பாருங்க! "அலமாக்!"னு அந்த மனுசன் குதிச்ச குதியில தொப்பி கீழ உருண்டு போச்சு. சரி, லைசன்ஸ் போச்சுன்னு நினைச்சேன். தொப்பிய எடுத்துத் தட்டித் தலையில வச்சுக்கிட்டு, "பிரேக் நல்லாயிருக்கு"ன்னாரு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. நல்ல மனுசன்.

வண்டியப் பாத்துக்கிறதுல நான் கில்லாடின்னு பேரு வாங்கினேன். விடிஞ்சதும் முதல் வேலை அதுதான். சங்கிலியில சேத்தத் தொடைச்சு எண்ணெய் தடவுவேன். பிளக்கக் கழட்டிக் கரியச் சுரண்டுவேன். டயர அமுக்கிப் பாப்பேன். பெட்ரோல் மூடியத் திறந்து மூங்கில் குச்சி விட்டு எவ்வளவு இருக்குன்னு பாப்பேன். அந்த மூடியில நடுவால ஊசி மொனையளவு ஒரு துளை இருக்கும். உள்ள பெட்ரோல் குறையக் குறைய அது வழியாக் காத்து உள்ள போகணும். போகலைன்னா பெட்ரோல் கீழ இறங்காது, வண்டி நின்னுரும். இத ஆ சோங் முதல் நாளே சொல்லிக் குடுத்தான். நானும் தினம் மூடிய வெளிச்சத்துல தூக்கிப் பாப்பேன். தினமும். ஒரே ஒரு நாளத் தவிர.

எங்க ஆஸ்பத்திரியில பொன்னம்மான்னு ஒரு ஆயா. நல்ல துடிப்பான பொண்ணு. நான் வண்டியத் தொடைக்கிறப்ப விளக்குமாத்தோட வந்து நின்னுக்கிட்டு, "என்னங்க ஐயா, பொண்டாட்டியக் குளிப்பாட்டியாச்சா?"ன்னு கேலி பண்ணுவா. ஆனா அந்த வண்டி மேல அவளுக்குத்தான் என்னைவிடப் பாசம். அவ புருசன் காச்சல்ல கிடந்தப்ப அந்தப் பெட்டியிலதான் கொண்டுபோயிப் பிழைக்க வச்சோம். அதனால ஆயுதபூசைக்கு வண்டிக்குச் சந்தனம் வைக்கிறது தன் வேலைன்னு எடுத்துக்கிட்டா. அந்த வருசம் அவளுக்கு நிறைமாசம். அதுக்கு முன்ன ரெண்டு பிள்ளை தங்காமப் போயி, இதுவாவது நிக்கணும்னு கோயில் கோயிலா வேண்டியிருந்தா. குனிய முடியல. இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்து, விளக்குக்கு ஒண்ணு, கைப்பிடிக்கு ரெண்டு, பெட்ரோல் மூடிக்கு நடு நெத்தியில வைக்கிற மாதிரி ஒண்ணு, கட்டைவிரலால அழுத்தி வச்சா. மேல குங்குமம். "இந்த வருசம் நீதான் என்னையும் சிகாமட்டுக்குக் கொண்டு போவணும் போலருக்கு"ன்னு வண்டியத் தட்டிச் சிரிச்சா. வாய் விட்டு வந்த பேச்சு.

மறுநாள் காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக்கு ஆளு கூடுற நேரம், கூலியாளுங்க குடியிருக்கிற லயத்துலேருந்து அவளச் சேலையில கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ராத்திரியெல்லாம் வலி. பிள்ளைக்குத் தலைக்குப் பதிலா கை முன்னால வந்திருச்சு. கந்தையா கைய சோப்புப் போட்டு ரெண்டு தரம் கழுவிட்டுப் பாத்தாரு. மறுபடியும் கழுவினாரு. "இது எங்கட கைக்குள்ள இல்லை. சிகாமட்டுக்குக் கொண்டு போம். டாக்டர் வயித்தைக் கிழிச்சால் ரெண்டு உயிரும் தங்கும். பிந்தினால் ரெண்டும் இல்லை"ன்னாரு. துரை கார எடுத்துக்கிட்டுக் கூலாய் பக்கம் போயிருந்தாரு. லோரி ரப்பர் ஏத்திக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. இருந்தது என் வண்டிதான்.

அவசரத்துலயும் சங்கிலியப் பாத்தேன், டயரப் பாத்தேன். மூடியில கை வச்சேன். பளிச்சுன்னு சந்தனமும் குங்குமமும் காஞ்சு அழகா இருந்துச்சு. முந்தின நாள்தான் முட்ட பெட்ரோல் ஊத்தியிருந்தேன். பூசை போட்டது, அவ கையால வச்சது, இன்னைக்குப் பாத்து அழிக்கிறதான்னு மனசு வரல. கைய எடுத்துட்டேன்.

பொன்னம்மாவப் பெட்டியில தலைகாணி அண்டக் குடுத்துப் படுக்க வச்சோம். அவ அம்மா மாரியாயி என் பின்னால ஏறி உக்காந்து, ஒரு கையால என் பெல்ட்டையும் இன்னொரு கையால மக தலையையும் பிடிச்சுக்கிட்டா. மோட்டார் சைக்கிளக் கிட்ட நின்னுகூடப் பாக்காத பொம்பள. பதினாலு மைலு செம்மண் ரோடு. முக்கா மணி நேரத்துல போயிருவேன்.

மூணாவது மைல்ல வண்டி முக்கி முனகி நின்னுச்சு. குதிச்சு இறங்கி, சுடச்சுட பிளக்கக் கழட்டிச் சுரண்டி மாட்டினேன். விரலெல்லாம் கொப்புளம். பெட்ரோல் இருக்கான்னு மூடியத் திறந்து பாத்தேன். நிறைய இருந்துச்சு. சந்தனம் உதிராமப் பக்குவமா மூடினேன். உதைச்சதும் கிளம்பிருச்சு. பிளக்குதான்னு நினைச்சுக்கிட்டேன். இன்னும் ரெண்டு மைலு. மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவை பொறி வர்ற இடத்தைப் பிரிச்சுத் தொடைச்சேன், குழாயக் கழட்டி ஊதினேன், மூடியத் திறந்து பாத்தேன், மூடினேன். கிளம்பிச்சு. பொன்னம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு, "அவசரப்படாதீங்கய்யா, அது போயிரும்"னு எனக்கு ஆறுதல் சொல்றா.

மூணாந்தடவை மரப்பாலத்துக்கிட்ட நின்னுச்சு. ஆறு கலங்கி, பலகைக்கு ஒரு சாண் கீழ ஓடுது. பொன்னம்மாகிட்டேருந்து சத்தமே இல்ல, கண்ணு சொருகியிருச்சு. நான் திரும்பவும் பிளக்கில கைய வைக்கப் போனேன். மாரியாயி அழுதுக்கிட்டே கேட்டா:

"ஏஞ்சாமி, அந்த மூடியத் தொறந்தா வண்டி ஓடுது. மூடிட்டுப் போனா நின்னு போவுது. அப்புறம் எதுக்கு சாமி அத மூடுறீங்க?"

செவுள்ல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மூடியத் திருகினேன். 'உஸ்'ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சு. அந்தச் சத்தம் முன்ன ரெண்டு தடவையும் வந்துதான் இருக்கும், என் காதுல ஏறல. மூடியத் தூக்கி வானத்துக்கு நேராப் பிடிச்சேன். துளை தெரியல. "அம்மா, ஊசி ஏதாச்சும்..."னு முடிக்கல, மாரியாயி ரவிக்கையிலேருந்து ஊக்கக் கழட்டிக் குடுத்தா. குத்தி நெம்பினேன். மொனையில மஞ்சளாக் காஞ்ச சந்தனம் வந்துச்சு.

மாரியாயி ஊக்கு மொனையப் பாத்தா. பெட்டியில கிடந்த மகளப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. எங்கிட்டக் குனிஞ்சு, "அவளுக்குத் தெரிய வேணாம் சாமி"ன்னா. சரின்னு தலைய ஆட்டினேன். அதுக்கப்புறம் வண்டி ஒரு இடத்துலயும் நிக்கல.

டாக்டர் வயித்தைக் கிழிச்சாரு. பொன்னம்மா பிழைச்சுக்கிட்டா. ஆம்பளப் பிள்ளை. போயிச் சேந்தப்ப பிள்ளைக்கு நாடி லேசா இருந்துச்சாம். வெளிய எடுக்கிறதுக்குள்ள அடங்கிருச்சு. நான் ஆஸ்பத்திரிப் பின்பக்கம் குழாயடியில உக்காந்து, ஆம்பளன்னு பாக்காம ஓன்னு அழுதேன்.

திரும்பி வந்ததும் கந்தையா டயரிய எடுத்து வச்சாரு. மாரியாயிக்குக் குடுத்த வாக்கு நெஞ்சுல நிக்குது. 'வண்டி மூன்று தரம் நின்றது. பிளக்கில் கரி'ன்னு எழுதினேன். அவர் படிச்சாரு.

"பிளக்கிலை கரி எண்டால், முதல் தரம் சுரண்டின பிறகும் ஏன் இன்னும் ரெண்டு தரம் நிண்டது?"

கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எவ்வளவு நேரம் பொய்யப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது? எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவ அம்மா கேட்டுக்கிட்டதையும் சேத்து.

"காலமை துளையைப் பாத்தனீரோ?"

"இல்ல சார்."

"அதை எழுதும்."

"சந்தனத்த என்ன சார் எழுதுறது?"

"சந்தனம் வைச்சவள் இந்த வண்டிக்குப் பொறுப்பில்லை. துளை பாக்கிறது உம்மட வேலை. உம்மட வேலையை மட்டும் எழுதும்."

எழுதினேன். 'புறப்படும் முன் பெட்ரோல் மூடியின் காற்றுத்துளையை நான் சோதிக்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் நான்.' அம்புட்டும் உண்மை. அதுல அவ இல்ல. மேல நான் எழுதுன பிளக்குக் கதைய அவரே ஒரு கோட்டால அடிச்சு, பக்கத்துல தன் பேர் எழுத்தப் போட்டாரு. அந்த டயரியில அடிச்ச வரி அது ஒண்ணுதான். மூணு மாசம் எனக்கு வண்டி கிடையாதுன்னு துரைகிட்டேருந்து உத்தரவு வந்துச்சு. பழைய சைக்கிள்லயே சுத்தினேன். அது எனக்குப் பத்தாதுன்னுதான் அப்பவும் நினைச்சேன், இப்பவும் நினைக்கிறேன். வண்டி திரும்பக் கைக்கு வந்த நாள்லேருந்து கந்தையா தினம் காலையில கொட்டகை வாசல்ல வந்து நிப்பாரு. "துளை?"ம்பாரு. "தெரியுது சார்"ம்பேன். போயிருவாரு. அவர் ஓய்வு பெத்து ஊருக்குப் போற வரைக்கும் அப்படித்தான். பிடிக்காத மனுசனக் கப்பலேத்திட்டு வந்த மறுநாள் காலையில, காலியா இருந்த கொட்டகை வாசலப் பாத்து நானே "தெரியுது சார்"னேன்.

அடுத்த ஆயுதபூசைக்குப் பொன்னம்மா சந்தனக் கிண்ணத்தோட வந்தா. மூடியில வேணாம்னா ஏன்னு கேப்பா. ஏன்னு யோசிச்சா கண்டுபிடிச்சிருவா, புத்திசாலிப் பொண்ணு. வைக்கட்டும்னு விட்டுட்டேன். போன வருசம் மாதிரியே மூடி நடுவுல கட்டைவிரலால அழுத்தி வச்சா. அவ போனதும், அன்னைக்குத் திருப்பிக் குடுக்காம வச்சுக்கிட்ட மாரியாயியோட ஊக்க எடுத்துத் துளையச் சுத்தம் பண்ணினேன். அதுக்கு அடுத்த வருசமும் அப்படித்தான். நடுவுல அவளுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. அதுக்கு ஒரு வாரம் முந்தியே ரயில்ல சிகாமட்டுக்குக் கொண்டுபோயிப் படுக்க வச்சேன். வருசா வருசம் அவ வைப்பா, நான் நெம்புவேன். பத்து வருசம் இருக்கும்.

அப்புறம் ஒரு வருசம் ஆடி மாசத்துல மாரியாயி தவறிப்போனா. கடைசி ரெண்டு நாளும் பொன்னம்மாதான் பக்கத்துல இருந்தா. விடிய விடிய ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அந்த வருசம் ஆயுதபூசை வந்துச்சு. பொன்னம்மா எப்பவும் போல வந்தா, வச்சா, "வரேங்கய்யா"ன்னு போயிட்டா. கேலி ஒண்ணும் பேசல. நான் ஊக்கோட போயிக் குனிஞ்சேன்.

மூடியில சந்தனம் வட்டமா இருந்துச்சு, வளையல் மாதிரி. நடுவுல துளை சுத்தமா, பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. குங்குமம் ஓரத்துல.

ஊக்க எடுத்து அன்னைக்குத்தான் முதமுதல்ல சட்டைப்பையில குத்தினேன். அவளும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. அவ இருந்த வரைக்கும் வருசா வருசம் வட்டமாத்தான் வச்சா.